ஒரு வார்த்தைக்கு ஒரு வாய்தா

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

வணக்கம். என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுவீர்களோ என்று பயந்து, முகவரியை ஆபீஸ் கணினியில் அடித்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் முகவரி கோர்ட்டுக் காகிதங்களில் இருந்தது. அண்ணன் போனில் உங்கள் எண் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எடுக்கப் போனால் ஏன், எதற்கு என்று கேட்பான். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் படித்த அதே கல்லூரி. 'நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கத்துக்குள் கைப்பட எழுதித் தரவேண்டும். நுழைவுத் தேர்வில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்களாம், இந்தக் கட்டுரையை வைத்துத்தான் ஆளைக் கழிக்கிறார்களாம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. என் வயது உங்களுக்குத் தெரியும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வக்கீல்கள் இரண்டே பேர். ஒருத்தர் அண்ணனுக்காக வாதாடியவர். அவரிடம் கேட்டால் "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்" என்பார். இன்னொருத்தர் நீங்கள்.

வரைவை இணைத்திருக்கிறேன். பென்சிலால் திருத்தி அனுப்பினால் போதும். பதிலை என் ஆபீஸுக்கு அனுப்புங்கள், வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தொலைந்த பொருள் பிரிவு,
பேருந்து நிலையம்.

பி.கு.: உங்களை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. 'அண்ணி' என்று எழுதி அடித்துவிட்டேன். 'முன்னாள் அண்ணி' என்றால் முன்னாள் மந்திரி மாதிரி இருக்கிறது.


பிப்ரவரி 17

கோட்டானுக்கு,

பள்ளிக்கூடத்தில் வாயையே திறக்காமல் எல்லார் சங்கதியையும் தெரிந்து வைத்திருந்ததற்காக உனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தது நான். வாயை மூடாத எனக்கு டமாரம் என்று வைத்தது நீ. அப்புறம் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு உனக்கு அண்ணியானேன். அப்போதுகூட நீ 'அண்ணி'யையும் 'வாடி'யையும் ஒரே வாக்கியத்தில் சொல்வாய். இப்போது திடீரென்று 'மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களா'? ஏற்கனவே கோபமாக இருக்கிறவளுக்கு மரியாதை வேறு கொடுத்தால் அவள் எங்கே போவாள்? 'நீ' என்றே எழுது.

ஆமாம், கோபம்தான். விவாகரத்து ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்தேனா பிழைத்தேனா என்று ஒரு போன் இல்லை. வேலை ஆகவேண்டும் என்றதும் தபால் வருகிறது. போகட்டும், அது வேறு கணக்கு.

கட்டுரையைப் படித்தேன். முதல் பத்தி முழுக்க நீதி தேவதை கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பு. விண்ணப்பம் போடுகிறவர்களில் பாதிப்பேர் அவளைத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். 'சிறுவயது முதலே சட்டத்தின் மீது ஆர்வம்' என்று எழுதியிருக்கிறாய். பச்சைப் பொய். சிறுவயதில் நீ பல் டாக்டர் ஆகவேண்டும் என்று என் வாயைத் திறக்கச் சொல்லி ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாய். 'ஏழை எளிய மக்களுக்காகக் குரல் கொடுப்பேன்' என்கிறாயே, எந்த ஏழை, எந்த எளியவர்? ஒருத்தரையாவது கண்ணில் காட்டு. கடைசிப் பத்தியில் 'எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் பணி என்னைக் கவர்ந்தது' என்று வருகிறது. ஓரத்தில் 'யார்?' என்று பென்சிலால் கேட்டிருக்கிறேன்.

வரிக்கு வரி 'நான், நான்' என்கிறாய். ஆனால் இந்தக் காகிதத்தில் யார் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாலும் செல்லும். அதுதான் இதில் கோளாறு. இன்னொன்று எழுதி அனுப்பு.

போன் செய்யாதே. பேசினால் சண்டைதான் வரும். எழுத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வரமுடியாது.

வக்கீல்


பிப்ரவரி 24

டமாரத்துக்கு,

உன் கடிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டு, கவுண்டரில் ஆள் இல்லாதபோதெல்லாம் எடுத்துப் படித்தேன். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தேவதையை அனுப்பிவிட்டேன். பல் டாக்டர் விஷயத்தை எழுத மாட்டேன்.

புது வரைவில் எங்கள் கவுண்டரில் நடந்ததை எழுதியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரே கறுப்புக் குடைக்கு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னொருத்தி வங்கியில் வேலை செய்கிறவள். இருவரும் கைப்பிடியில் கீறல் இருக்கிறது என்றார்கள். இருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் விட்டதாகச் சொன்னார்கள். நான் எதுவும் பேசாமல் குடையை நர்ஸ் கையில் கொடுத்து விரிக்கச் சொன்னேன். அது பாதியில் மாட்டிக்கொண்டது, அவள் இழுத்து இழுத்துப் பார்த்தாள். வங்கிக்காரி கையில் கொடுத்ததும், பார்க்கக்கூட இல்லை, ஒரு கம்பியைச் சுண்டு விரலால் தள்ளிவிட்டு விரித்தாள். நர்ஸ் பொய் சொல்லவில்லை, அவளுடைய குடையும் நிஜமாகவே தொலைந்துதான் போயிருக்கிறது. இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, ஒருத்திக்குக் குடை கொடுத்து, இன்னொருத்திக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் என்னைத் திட்டாமல் போனாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

போன் செய்யவில்லை என்கிறாய். என்ன கேட்டிருப்பேன் என்று நினைக்கிறாய்? நீ வீட்டை விட்டுப் போன அன்று காலையில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து அழுகிறாள். அண்ணன் ஒன்றும் நடக்காத மாதிரி மருந்துக்கடையைத் திறக்கப் போய்விட்டான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் உன் அலமாரி காலி. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பெஞ்சில் படித்தோம், எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? கோபம் உனக்கு மட்டும்தான் வருமா?

கட்டுரையைப் பார்.

கோட்டான்


மார்ச் 2

கோட்டானுக்கு,

சுண்டு விரலைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியே காத்திருந்த கட்சிக்காரர் தன் வழக்கைப் படித்துத்தான் சிரிக்கிறேன் என்று முகம் வாடிப்போனார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

குடை நன்றாக இருக்கிறது, நிஜமாகவே. ஆனால் இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? 'இந்த அம்மா இருக்கிற இடத்திலேயே நன்றாக வேலை செய்கிறார், இவரை ஏன் கிளப்பவேண்டும்?' என்றுதான் நினைப்பார். நீ கெட்டிக்காரி என்பது தெரிகிறது. சட்டம் உனக்கு எதற்கு என்பது தெரியவில்லை. கடைசியில் அந்த 'எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர்' மறுபடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். யார் அவர்? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

உனக்கு ஒரே ஒரு கேள்வி. சட்டம் படிக்கலாம் என்று உனக்கு எந்த நாள், எந்த இடத்தில் தோன்றியது? அப்போது நீ எங்கே நின்றாய், எதைப் பார்த்தாய்? அதை எழுது. அழகாக எழுதவேண்டாம்.

சொல்லாமல் போனதைக் கேட்டாய். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்திருப்பாய். நான் வண்டி ஏறிப் போய்விடுவேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் உன் அம்மா முகத்தில் நீ எப்படி விழிப்பாய்? உனக்கும் எனக்கும் இடையில் அண்ணன் இருந்தான், அம்மா இருந்தாள், ஒரே சமையலறை இருந்தது. யோசித்துத்தான் சொல்லாமல் போனேன். உனக்கு வலித்திருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

வக்கீல்


மார்ச் 10

டமாரம்,

நீ கேட்ட நாளையும் இடத்தையும் எழுதிவிட்டேன். உட்கார்ந்து படி. கட்சிக்காரர் யாரும் வெளியே இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. நடுப்பகுதியை இங்கேயே எழுதுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டவைத்ததுதான்.

'என் அண்ணனின் விவாகரத்து வழக்கில் நான் அண்ணன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுத்த மனுவில் என் அண்ணி வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டார் என்று இருந்தது. அண்ணி எழுந்து, விவாகரத்துக்குத் தனக்கு ஆட்சேபனை இல்லை, அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீக்கவேண்டும் என்றார். "எப்படியும் பிரியத்தான் போகிறீர்கள். ஒரு வார்த்தைக்காக இன்னொரு வாய்தாவா?" என்று நீதிபதி கேட்டார். "ஆமாம்" என்றார் அண்ணி. "நான் ஓடவில்லை. வாடகை வண்டியை வரச்சொல்லி, இரண்டு பெட்டியை ஏற்றி, டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு போனேன். இதில் ஓட்டம் எங்கே இருக்கிறது?" சிலர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார். வழக்கைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த தடவை மனுவில் அந்த வார்த்தை இல்லை. ஒரு ஆள் மேல் ஒட்டிய வார்த்தையைப் பிய்த்து எடுக்கவும் ஒரு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.'

'எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர்' யார் என்று இரண்டு தடவை கேட்டாய். சொல்லிவிட்டேன்.

கோட்டான்


மார்ச் 14

முடியாது.

இதை நீ அனுப்பக்கூடாது. நான் சொல்லவேண்டியது அவ்வளவுதான் என்று உறையை ஒட்டினேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

அந்த வார்த்தை என்னவென்று உனக்குத் தெரியுமா? ஊரில் ஒருத்தி ஓடிப்போனாள் என்றால், தனியாகப் போனாள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? கூட யார் என்றுதான் கேட்பார்கள். நான் வேறு ஊரில் தொழில் நடத்தவேண்டும் என்று போனேன். உன் அண்ணன் கடையை விட்டு வரமாட்டேன் என்றான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதனால்தான் பிரிந்தோம். அதற்கு அப்படி ஒரு வார்த்தை. அதை எடுக்க வேலையை விட்டுவிட்டு இன்னொரு தடவை அந்தக் கோர்ட்டுக்கு வந்து, கறுப்புக் கோட்டு போட்ட என் சக வக்கீல்கள் முன்னால் கட்சிக்காரியாக நின்றேன். ஒரு வழியாக எல்லாக் காகிதத்திலிருந்தும் அது போயிற்று.

இப்போது நீ புதுக் காகிதம் வாங்கி, கோடு போட்டு, உன் அழகான கையெழுத்தில் அதை மறுபடி எழுதி ஒரு கல்லூரி பைலில் வைக்கப்போகிறாய். அங்கே எனக்குப் பாடம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். உன் அண்ணி யாரென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நீ அன்றைக்கு உன் அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாய். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது என் வழக்கு. உன் விண்ணப்பத்துக்கு நான் உதாரணமா?

குடையை அனுப்பு. குடை போதும்.


மார்ச் 18

டமாரம்,

சரி. குடையையே அனுப்புகிறேன். சுத்தப் பிரதி எடுத்துவிட்டேன், அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல், வேறு எதுவும் கேட்கமாட்டேன். கடைசித் தேதி ஏப்ரல் பத்து.

ஒன்றே ஒன்று. நான் உன்னை உதாரணமாக வைக்கவில்லை. எந்த நாள், எந்த இடம் என்று நீ கேட்டாய். எனக்கு வேறு நாளும் கிடையாது, வேறு இடமும் கிடையாது. நிமிர்ந்து பார்க்கவில்லை என்கிறாய். பார்க்காமலா நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது? நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இது உனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

அந்த வார்த்தை எல்லாக் காகிதத்திலிருந்தும் போய்விட்டது என்கிறாய். காகிதத்திலிருந்து போய்விட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படியே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அம்மா அதைத்தான் சொல்கிறாள். போன மாதம்கூட கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வந்தவனிடம் சொன்னாள், அவன் கேட்கக்கூட இல்லை. "அப்படிச் சொல்லாதம்மா" என்றேன். "நீ என்ன பெரிய வக்கீலா?" என்றாள். அன்றைக்குத்தான் விண்ணப்பம் வாங்கப் போனேன்.

கோட்டான்


மார்ச் 23

கோட்டானுக்கு,

குடைக் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையைக் கொடுத்தால் உன்னைக் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்தே எப்படி 'சரி' போட்டு அனுப்புவது என்று பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

என் வழக்கு என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து நீ பார்த்தது உன்னுடையது. அதைச் சொல்லாதே என்று ஒரு சாட்சியைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இன்னொருத்தர் வழக்கில் யாராவது அப்படித் தடுத்தால் நானே எழுந்து கத்தியிருப்பேன்.

அதனால் எழுது. ஆனால் அந்த வார்த்தை அதில் இருக்கக்கூடாது. எப்படி எழுதுவாயோ எனக்குத் தெரியாது, அது உன் பாடு. அப்புறம், 'கண் கலங்கி நின்றார்' என்பதை எடு. நான் அழவில்லை. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம்.

கேஸ் அடுப்புக்காரன் என்ன சொன்னான்?

வக்கீல்


மார்ச் 29

டமாரம்,

அடுப்புக்காரன் "ரெகுலேட்டர் மாத்தணும்மா" என்று மட்டும் சொன்னான். நல்ல மனுஷன்.

எழுதி முடித்துவிட்டேன். அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

'மனுவில் என் அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தது. நீதிமன்றம் அதை நீக்கிவிட்டதால் நான் இங்கே அதை எழுத மாட்டேன். அண்ணி விவாகரத்தை ஒப்புக்கொண்டார், அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ளவில்லை.'

வாடகை வண்டியும் டிரைவரும் போய்விட்டார்கள், அவர்களை வைத்தால் வார்த்தை தானாகத் தெரிந்துவிடும். எனக்கு அதில் வருத்தம்தான், கட்டுரையிலேயே நல்ல வரி அது.

ஜலதோஷத்தை என்னால் எழுத முடியாது, எனக்கு அது தெரியாது. 'அண்ணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறேன். நான் பார்த்தது அதுதான். எதற்காகத் துடைத்தாய் என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

உன்னிடம் கேட்காமல் இன்னொரு காரியம் செய்தேன். தபாலில் போடுவதற்கு முன் வீட்டில் உரக்கப் படித்தேன். பின்னால் யார் மூலமாவது தெரிந்து ரகளை ஆவதைவிட என் வாயாலேயே தெரியட்டும் என்று தோன்றியது. அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். கடைசியில் "மனுவுல என்ன வார்த்தை?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியவே தெரியாதாம். அவனுடைய வக்கீல் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அன்று கோர்ட்டில் நீ என்னவோ வாய்தா வாங்க நினைக்கிறாய் என்றுதான் இருந்தானாம். காதில் விழுந்ததா இல்லையா என்று நான் துருவவில்லை.

அம்மாதான் பதில் சொன்னாள். "நான் சொன்னதைத்தானே அந்த வக்கீல் எழுதினாரு" என்றாள். அந்த ஆபீஸில் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னபோது அவள் வாயில் வந்த வார்த்தையாம் அது. சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். என்னிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

கட்டுரை போய்விட்டது.

கோட்டான்


ஏப்ரல் 6

கோட்டானுக்கு,

கைக்குட்டைக்கு ஆட்சேபனை இல்லை. அந்த மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் எதிர்க்கட்சியில் இருந்தால் எனக்குப் பயம்தான்.

உன் அம்மாதான் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. உன் அண்ணன் என்று நினைத்து இத்தனை நாள் அவன்மேல் மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவனிடம் நீ எதுவும் சொல்லவேண்டாம். நானே எப்போதாவது சொல்வேன், சொல்லாமலும் போகலாம்.

அம்மா பேசாததற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்களோடு பேசித்தான் பழக்கம், பேசாமல் இருந்து பழக்கமில்லை. நீ சாப்பிடு.

நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வாயில் வந்ததையெல்லாம் சொல்லாதே என்று யாருக்காவது சொன்னால் சரி, உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார்.

டமாரம்


மே 21

டமாரம்,

நேர்காணல் முடிந்தது. நீ படித்த காலத்து அதே அறையாகத்தான் இருக்கும், சுவரில் ஈரம் இறங்கி, மின்விசிறி காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி என்று சொன்னார்கள், வலது பக்கம் கல்லூரி முதல்வர், இடது பக்கம் ஒரு விரிவுரையாளர் அம்மா. அந்த அம்மா என் காகிதத்தை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நீதிபதிதான் ஆரம்பித்தார். "என்ன வார்த்தைம்மா அது?"

"நீக்கிட்டாங்க சார்."

"அது தெரியுது. என்ன வார்த்தைன்னு கேக்கறேன்."

"நீக்கினதை எழுத மாட்டேன்னு எழுதியிருக்கேன் சார். சொல்லவும் மாட்டேன்."

"இது கோர்ட்டு இல்லை. நாலு சுவத்துக்குள்ளதான் இருக்கோம். அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு தெரிஞ்சாத்தானே, ஒரு வாய்தா வாங்கினது நியாயமான்னு எங்களுக்குப் புரியும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். முப்பத்தைந்து வயது, கடைசி வருஷம், ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. வாயைத் திறக்கவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி, இடம் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது அந்த அம்மா காகிதத்திலிருந்து நிமிராமலே, "விடுங்க சார், எனக்குத் தெரியும்" என்றார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்" என்றுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள்.

நீதிபதி அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் அவர் அந்தக் கேள்விக்குத் திரும்பவே இல்லை. முதல்வர்தான் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த அண்ணி இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" "என்கூடப் படிச்சவ சார். நடுவுல கொஞ்ச வருஷம் அண்ணியா இருந்தா" என்றேன். அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். இடம் கிடைக்குமா என்று எனக்கே தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அதற்கு நீ காரணம் இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

கோட்டான்


மே 27

கோட்டானுக்கு,

படித்துவிட்டு அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாமே, பைத்தியமே. நான் எழுதாதே என்றேன், சொல்லாதே என்று எப்போது சொன்னேன்? ஒரு இடத்துக்காக அந்த வார்த்தையை நீ சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். நினைத்திருப்பேன்.

முடிவு தெரிந்ததும் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

டமாரம்


ஜூன் 19

டமாரம்,

இடம் கிடைத்துவிட்டது. பட்டியலில் கடைசிக்கு முந்தின பேர் என்னுடையது. எனக்கும் கீழே ஒருத்தர் இருக்கிறார் என்பதில் ஒரு அல்ப சந்தோஷம். அண்ணன் கடையில் எல்லாருக்கும் இருமல் மிட்டாய் கொடுத்தான், கையில் கிடைத்தது அதுதானாம்.

உனக்கு இதை நேற்றே எழுதியிருப்பேன். நேற்று நடந்த இன்னொன்றையும் சேர்த்து எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒரு தையல்காரம்மா குடிவந்திருக்கிறாள். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல மேலே வந்தவள், அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அதுவரைக்கும் என்னிடம் 'சாப்பிடு', 'கதவைச் சாத்து' தவிர எதுவும் பேச ஆரம்பிக்கவில்லை.

"உங்க பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

"ஆச்சு" என்றாள் அம்மா. எனக்கு அடுத்த வாக்கியம் மனப்பாடம். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆச்சு. சரிப்பட்டு வரலை. போயிட்டா."

தையல்காரம்மா விடுவாளா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போயிட்டான்னா... ஓடிப்போ..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த வார்த்தைய இந்த வீட்ல சொல்லாதீங்க" என்றாள் அம்மா. சத்தமாகக்கூட இல்லை, மோட்டார் எப்போது போடுவோம் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "அவ வக்கீலு. வெளியூர்ல தொழில் பண்றா. என் பொண்ணும் அதுக்குத்தான் படிக்கப் போறா."

தையல்காரம்மா மோட்டாரைப் பற்றிக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அம்மா எழுந்து உள்ளே வந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி நிமிர்த்தி வைத்தாள். காலர் கருகிப் போயிருந்தது. அதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

கோட்டான்